பால் அகாரில் வளையம் தெரிந்தால் போதுமா?

புரதத்தைச் செரிக்கும் ஈஸ்ட்டைப் பற்றி வந்த கேள்விகளில் சில. பால் கலந்த அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) ஈஸ்ட் பால் புரதத்தைச் செரித்தால், அதைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: புரோட்டியேஸ் (புரதத்தைச் செரிக்கும் நொதி) சுரக்கும் ஈஸ்ட்டை நம்ம பக்கம் எங்கே தேடலாம்?

திசையன்விளைப் பக்கம் பனையடியில் விழுந்து வெடித்துக் கிடக்கும் பனம்பழத்தில் தொடங்குங்கள். பழங்களில் வாழும் ஹன்சேனியாஸ்போரா, மெட்ஷ்னிகோவியா என்ற ஈஸ்ட் வகைகளில் சில, அமில நிலையில் வேலை செய்யும் புரோட்டியேஸைச் சுரக்கும். உவரிக் கருவாட்டையும் எடுத்துப் பாருங்கள். புரதமும் கொழுப்பும் உள்ள இடம் யரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டுக்குப் பிடிக்கும். கார நிலையில் வேலை செய்யும் புரோட்டியேஸுக்குப் பேர்போனது அது. பதநீர் வேண்டாம், கலயத்துச் சுண்ணாம்பு ஈஸ்ட்டை அடக்கிவிடும்.

நெல்லை எம்.எஸ்சி. மாணவர்: பால்பவுடர் அகாரில் ஒரே நாளில் பெரிய தெளிந்த வளையம். கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஒரே ராத்திரியில் அவ்வளவு பெரிய வளையம் என்றால் எனக்கு முதலில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா மேல்தான் சந்தேகம். காலனியில் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: மொட்டு விட்ட முட்டை வடிவச் செல்லா, மெல்லிய குச்சியா? குச்சி என்றால் பாக்டீரியா. அடுத்த முறை அகாரில் பாக்டீரியாவை அடக்கும் குளோராம்பெனிகால் சேர்த்துவிடுங்கள்.

ஈஸ்ட்தான் என்றாலும் வேலை முடியவில்லை. சில ஈஸ்ட்டுகள் அமிலத்தைக் கக்கும். பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது பாலின் புரதமான கேசீன் திரிந்து வெள்ளையாகும்; இன்னும் இறங்கினால் கரைந்து, செரித்த மாதிரியே தெளிந்து காட்டும். அதனால் பி.எச். மாறாமல் காக்கும் பஃபர் சேர்த்த அகாரில் திரும்ப வளர்த்துப் பாருங்கள். அமிலப் புரோட்டியேஸைத் தேடுகிறீர்கள் என்றால் பாலே சரிவராது. மாட்டு சீரம் அல்புமின் (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்த அமில அகார்தான் வேண்டும். அம்மோனிய உப்பைத் தாராளமாகப் போடாதீர்கள். எளிதான நைட்ரஜன் கையில் இருந்தால் பல ஈஸ்ட்டுகள் புரோட்டியேஸ் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும்.

வள்ளியூர் ஆசிரியை: ஜெலட்டின் குழாய்கள் எல்லாமே நீராகிவிட்டன. அத்தனையும் பாசிட்டிவா?

ஜெலட்டின் ஒரு புரதம்; புரோட்டியேஸ் செரித்தால் நீராகும். ஆனால் நம்ம ஊர் வெயிலில் அது தானாகவே உருகும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். ஈஸ்ட் போடாத குழாய் இறுகி, போட்டது நீராகவே நின்றால்தான் பாசிட்டிவ்.

அம்பாசமுத்திரம் வாசகர்: கடையில் விற்கும் பேக்கரி ஈஸ்ட் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. அதன் புரோட்டியேஸ்கள் அனேகமாகச் செல்லுக்குள், வேக்குவோல் என்ற உள்ளறையில் கிடப்பவை. செல் செத்து உடைந்தால் கசியும். அதைச் சுரப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தென்காசி வாசகி: கிடைத்த ஈஸ்ட்டை இட்லி மாவில் கலந்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். மனிதருக்கு நோய் தரும் கேண்டிடா அல்பிகன்ஸும் புரோட்டியேஸ் சுரக்கிற ஈஸ்ட்தான். டி.என்.ஏ. வரிசை பார்த்து இனம் உறுதியாகும்வரை அது ஆய்வகத்தை விட்டு வெளியே வரக் கூடாது.