காற்றைக் குத்தி என்ன பயன்?

கேள்வி: வயது 36. மகனைச் சேர்க்கப் போன இடத்தில் நானும் கராத்தே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எட்டு மாதமாக மாஸ்டர் ஹெயான் ஷோடான் கட்டாவையே (அடி, தடுப்பு அசைவுகளை வரிசையாகத் தனியே செய்யும் பயிற்சி) திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். ஆளே இல்லாமல் காற்றைக் குத்துவதில் என்ன பயன்? அந்த நேரத்தில் சண்டை போட்டுப் பழகினால் என்ன?

பதில்: எதிரில் ஆள் இல்லை என்று நினைத்துச் செய்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கட்டாவின் நான்காவது எண்ணையே, அதாவது நான்காவது அசைவையே, எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பிக் கீழே தடுத்ததும், முன்காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கையைச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து அடிக்கிறோம். முன்னேறிக்கொண்டிருந்த கால் ஏன் திடீரென்று பின்னால் வர வேண்டும்? ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான் என்று நினைத்துச் செய்துபாருங்கள், உடம்பின் எடை முழுவதையும் போட்டுக் கையை விடுவித்து, அதே வீச்சில் அவனை அடிக்கிறீர்கள் என்று புரியும். குத்தும்போது மற்ற கை இடுப்புக்கு வருவதும் அப்படித்தான், எதிராளியின் கையைப் பிடித்து இழுக்கிற கை அது என்று விளக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். இப்படிப் பிரித்துப் பார்ப்பதைப் புன்காய் என்பார்கள். மாஸ்டரிடம் அதைக் கேளுங்கள், கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை.

சண்டைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். கட்டா வேறு, நிஜச் சண்டை வேறு என்று, கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சினே தன் இருபது நெறிகளில் எழுதியிருக்கிறார். ஆனால் கூடப் பழகும் நண்பரின் கழுத்திலோ மூட்டிலோ முழு பலத்தோடு அடிக்க முடியுமா? கட்டாவில் முடியும். இடுப்பைத் திருப்புவது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, மூச்சு, இதெல்லாம் ஆள் துணையில்லாமல் ஒரு மொட்டைமாடியிலேயே படியும், அறுபது வயதிலும் செய்யலாம்.

எட்டு மாதம் நீளமாகத் தெரிகிறது, சரி. கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் இதோசு அன்கோ என்ற ஆசிரியர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அமைத்த ஐந்து பினான் கட்டாக்களுக்குத்தான் பிறகு ஜப்பானில் ஃபுனகோஷி ஹெயான் என்று பெயர் வைத்தார். அவரோ இளவயதில் மூன்று நைஹான்ச்சி கட்டாக்களுக்குப் பத்து வருடம் செலவிட்டவர்.

வீட்டில் மகன் இருக்கிறானே, அவனையே மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லி நான்காவது எண்ணைப் பத்து முறை செய்துபாருங்கள். அடியை மட்டும் மெதுவாக.