முப்பது கிலோ குறைக்க வேண்டும். மூன்றாம் மாதத்திலேயே மனம் விட்டுப்போகிறது. எப்படித் தொடர்வது?

கேள்வி கேட்டவர் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் மூன்றாம் மாதத்தில் நிறுத்தியிருக்கிறார். முதலில் வேகமாக இறங்கும் எடை பிறகு அசையாமல் நின்றுவிடுவதாகவும், இன்னும் முப்பது கிலோ இருக்கிறது என்று நினைத்தாலே மலைப்பாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்த மலைப்பை நான் நன்றாக அறிவேன். 2021 ஜூலையில் என் எடை 98 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், வயது 43. இப்போது 71 கிலோவில் இருக்கிறேன். இந்த 27 கிலோ குறைய மூன்றரை ஆண்டுகள் ஆயின. அதில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எடை குறையவே இல்லை. நான்கு மாதங்கள் ஏறவும் செய்தது.

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது உண்மையான வைராக்கியம்தான். ஆனால் அது நிற்காது. எடை குறைக்கத் தொடங்கும் நாளில் நமக்கு வரும் உற்சாகமும் அப்படிப்பட்டதே. அது மூன்று ஆண்டுகள் நீடிக்கும் என்று நம்பி நான் இரண்டு முறை ஏமாந்த பிறகுதான், உற்சாகம் இருக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை வேறு என்பது புரிந்தது. உற்சாகம் அறவே இல்லாத நாளில் நான் என்ன செய்வேன் என்பதை அன்றே முடிவு செய்து, அதற்கான ஏற்பாட்டையும் வீட்டில் செய்து வைத்துவிட வேண்டும். என்னால் தொடர முடிந்ததற்குக் காரணம் அந்த ஏற்பாடுதான்.

அலுவலகத்தில் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது வலது முழங்கால் பிடித்துக்கொள்ளத் தொடங்கியதால் மருத்துவரிடம் போனேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 என்று வந்தது, 6.5 வந்தால் சர்க்கரை நோய். நான் முப்பது கிலோ குறைக்க வேண்டும் என்று சொன்னதும் அவர், "முப்பதை விடுங்கம்மா, முதல்ல ஏழு கிலோ குறைங்க, அதுக்கு ஒரு வருஷம் எடுத்துக்கங்க" என்றார். அந்த ஏழு கிலோ அவர் வாய்க்கு வந்த எண் அன்று. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடத்தி, 2002இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் வாரம் 150 நிமிட நடையும் மேற்கொண்ட பிரிவினருக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதுதான். அந்தப் பிரிவில் நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 98இல் 7 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஏழு கிலோ. முப்பதை நினைத்துத் தூக்கம் கெட்டவளுக்கு ஏழு என்ற எண் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

அடுத்ததாக, முதல் மாதக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் மூன்றாம் மாதச் சோர்வுக்கு வித்து அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு முதல் மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. இதே வேகத்தில் போனால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றையும் இனிப்பையும் குறைத்தவுடன் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது. முதலிரண்டு வாரங்களில் இறங்கும் எடையில் ஒன்றரை, இரண்டு கிலோ இப்படிப் போவதுதான். கொழுப்பு கரைவது வேறு கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் ஒரு கிலோ கரையப் பதினைந்து நாள் ஆகும். மேலும், உடல் இலேசாக ஆக அது செலவிடும் கலோரியும் குறைவதால், முதலில் எடையைக் குறைத்த அதே சாப்பாடு பிறகு எடையை நிலைநிறுத்தும் சாப்பாடாகிவிடுகிறது. ஆகவே மூன்றாம் மாதத்தில் வேகம் குறைவது உங்கள் தவறு இல்லை; எல்லா உடலும் அப்படித்தான் இயங்குகிறது. இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அழுத பல இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது காரணம் பசி. வேகம் குறைந்ததும் நான் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் ரசமும், இரவு வெள்ளரிக்காய். பகல் முழுவதும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தது. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், முறுக்கு டப்பாவைத் திறந்து நின்றவாறே ஒன்பது முறுக்கு தின்றேன். மறுநாள் எனக்கு மனவுறுதியே இல்லை என்று முடிவு கட்டினேன். பிறகுதான் 1944–45இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தேன். நல்ல உடல்நலமும் உறுதியும் கொண்ட இளைஞர்கள் 36 பேருக்கு, ஏறத்தாழ ஆறு மாதம் வழக்கத்தில் பாதி உணவே கொடுத்தார்கள். அவர்களுக்கும் எரிச்சலும் சோர்வும் வந்தன. நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். தங்களைத் தாங்களே முன்வந்து ஒப்புக்கொடுத்தவர்களுக்கே பசி இதைச் செய்யும் என்றால், வேலைக்கும் போய், வீட்டிலும் சமைக்கிற ஒருத்திக்கு அது எதைச் செய்யாது? ஊக்கம் போய்விட்டது என்று நாம் சொல்வதில் பாதி வெறும் பசி. உணவியல் ஆலோசகர் என் சாப்பாட்டை முதலில் கூட்டினார். காலையில் ஒரு அவித்த முட்டை, மதியம் கெட்டிப் பருப்பும் இரண்டு மடங்கு காயும், மாலை நான்கரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இரவு இரண்டு சப்பாத்தியும் குழம்பும். இரவு முறுக்கு டப்பாவைத் தேடுவது இரண்டு வாரத்தில் நின்றுபோனது.

அப்படியானால் கலோரி எங்கே குறைந்தது? பெரும்பகுதி எண்ணெயில். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் கேன் ஒன்று தீர்ந்துகொண்டிருந்தது. அதை இரண்டரை லிட்டராக்கினோம். திங்கட்கிழமை காலையில், ஒட்டுத்துணி ஒட்டிக் கோடு போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அந்த வாரத்துக்கான எண்ணெயை ஊற்றிவிட்டு, கேனைப் பரணில் ஏற்றிவிடுவோம். பாட்டிலுக்குள் ஒரு தேக்கரண்டி கிடக்கும். தாளிப்பதும் தோசைக்கு விடுவதும் அதில்தான். சனிக்கிழமை பாட்டில் காலியாகிவிட்டால் ஞாயிறு ஆவியில் வேகும் சமையல். இதில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 கலோரிக்கு மேல் குறைந்தது, ஒருவருக்கும் தட்டில் சோறு குறையவில்லை. நான் சொல்லும் ஏற்பாடு என்பது இதுதான்: திங்கட்கிழமை ஐந்து நிமிடம் முடிவெடுத்தால், வியாழக்கிழமை களைத்துப்போய் வரும்போது முடிவெடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

நடைக்கும் அப்படியே செய்தேன். எங்கள் வீடு மதுரை காமராஜர் சாலையை ஒட்டி இருப்பதால், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பக்கம். கரையைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் இருக்கும். காலை ஐந்தேகாலுக்கு மூன்று சுற்று என்பது வழக்கம். மனம் வராத நாளுக்கு ஒரே சுற்று. அந்த ஒரு சுற்றையும் நான் முழு நாளாகவே கணக்கிட்டேன். தைப்பூசத் தெப்பத் திருவிழா நாளில் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று மொட்டைமாடியில் இருபது நிமிடம் நடப்பேன்.

கணக்கு என்றேன் அல்லவா? சமையலறைச் சுவரில் ஒரு மாத நாட்காட்டி மாட்டி, ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் சிவப்புப் பென்சிலால் மூன்று கோடுகள் வரை போடுவதாக வைத்துக்கொண்டோம்: நடந்தால் ஒன்று, மாலைச் சுண்டல் தவறாமல் சாப்பிட்டால் ஒன்று, இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்தால் ஒன்று. எடைக்கு அதில் இடமில்லை. சனிக்கிழமை மட்டும் பார்த்து, நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினேன். எடை நம் கையில் இல்லை. உப்புக் கூடினாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் ஒரு கிலோ ஏறி இறங்கும். கோடு நம் கையில் இருக்கிறது. கோடு போடும் பொறுப்பை என் மாமியார் தாமாகவே எடுத்துக்கொண்டார். படுக்கப் போகுமுன், "இன்னைக்கு மூணா, ரெண்டாம்மா?" என்று கேட்டு அவர்தான் போடுவார். முதலில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்விக்காகவே எட்டு மணிக்குத் தட்டைக் கழுவி வைத்த நாட்கள் உண்டு.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிய பொதுவாக ஏறத்தாழ 66 நாட்கள் ஆயின என்று கண்டார்கள். சிலருக்குப் 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனக்கு நடை படிய ஐந்து மாதம் ஆயிற்று. மூன்றாம் மாதத்தில் நிறுத்தியிருந்தால் பாதி வழியில் நிறுத்தியவளாகியிருப்பேன்.

2022 செப்டம்பர் முதல் என் எடை 84இல் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் நின்றது. அப்போது என்னைத் தாங்கியவை இரண்டு. ஒன்று, சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. அதில் உணவும் நடையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடையோ பெரிதாகக் குறையவில்லை. அதாவது எடைக்கருவி அசையாத காலத்திலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் சர்க்கரைச் சராசரியும் அப்போது 5.6க்கு வந்திருந்தது. மற்றொன்று, முழங்கால். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று மருத்துவர் சொன்னார். பதினான்கு கிலோவுக்கு ஐம்பத்தாறு கிலோ. இரண்டு சிப்பம் அரிசிக்கு மேல். அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் இரண்டாம் மாடிக்கு ஏறி முடித்த பிறகு, கைப்பிடியைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தேன். படியிலேயே நின்று, திரும்பிக் கீழே பார்த்தேன்.

சுற்றத்தார் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் இளைத்தால் பாராட்டுக்கு முன் கவலைதான் வரும். "மதினி, ஏன் இப்படிக் கன்னம் ஒட்டிப்போச்சு, சுகரா?" என்று என் நாத்தனார் கல்யாண மண்டபத்தில் எல்லோர் முன்னிலும் கேட்டாள். அன்பினால் கேட்டாள் என்று தெரிந்தும் அன்று இரவு நடுங்கிப்போனேன். அதற்குப் பிறகு நான் எடையைப் பற்றி வெளியில் பேசுவதை விட்டுவிட்டு, "முட்டி வலிக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். முட்டி வலியை யாரும் மறுப்பதில்லை. கூட ஒரு இட்லி வைக்கவும் வற்புறுத்துவதில்லை.

நீங்கள் இன்னும் செய்யவில்லை என்றால், மறுபடி தொடங்குமுன் தைராய்டு, சர்க்கரை, இரத்தச் சோகை ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

கடைசியாக, நிறுத்திவிட்டுத் திரும்புவது பற்றி. 2023இல் என் அப்பா நோய்வாய்ப்பட்டு, நான்கு மாதம் திருநெல்வேலிக்கும் மதுரைக்குமாக அலைந்தேன். மருத்துவமனை வாசலில் கிடைத்ததைத் தின்றேன். ஆறு கிலோ ஏறியது. அப்பா போன பிறகு வீடு திரும்பி, சமையலறைக்குள் போனபோது நாட்காட்டியின் நான்கு மாதமும் வெறுமையாக இருந்தது. என் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து இரவு பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னைக்கு ஒண்ணு போட்டுக்கலாமாம்மா? எட்டு மணிக்கு முன்னாடி சாப்பிட்டுட்டியே" என்றார். அந்த மாதம் முழுவதும் அந்த ஒரு கோடு மட்டும்தான். நடையை மறு மாதம் சேர்த்தேன், சுண்டலை அதற்கடுத்த மாதம். ஏறிய ஆறு கிலோ இறங்க ஏழு மாதம் ஆயிற்று.

நீங்கள் நான்காம் முறை தொடங்கும்போதும் ஒரே கோட்டோடு தொடங்குங்கள். எதை எடுப்பது என்று தயங்கினால் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே எடுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், உடம்பில் தெம்பும் வேண்டாம், மழை பெய்தாலும் நடக்கும். பென்சிலை வீட்டில் வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.