ஏற்காட்டுத் தைலம் ஃபினாயிலுக்கு மாற்றாகுமா?

சேலம் அம்மாப்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: ஏற்காடு போனபோது நீலகிரித் தைலமும் லெமன்கிராஸ் தைலமும் வாங்கி வந்தோம். ஃபினாயிலுக்குப் பதிலாக, வீடு துடைக்கும் தண்ணீரில் 10 சொட்டு விட்டால் கிருமி சாகுமா? மாமியாருக்குச் சர்க்கரை. காலில் இருக்கும் புண்ணில் தடவலாமா?

புண்ணில் தடவவே தடவாதீர்கள், அம்மா. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். தைலம் தோலைப் பொசுக்கினாலும் எரிச்சல் தெரியாது. அத்தகைய புண்களில் சில சமயம் குடியேறும் சூடோமோனாஸ் என்ற கிருமி, இந்தத் தைலங்களுக்கு எளிதில் அடங்காது. சுத்தமான துணியால் மூடி, இன்றே ஜி.எச்.சுக்கோ உங்கள் டாக்டரிடமோ அழைத்துப் போங்கள்.

இனி தரைக்கு வருவோம். தைலத்துக்குக் கிருமியை ஒடுக்கும் சக்தி உண்டு என்பது உண்மைதான். நீலகிரித் தைலத்தில் சினியோல், லெமன்கிராஸில் சிட்ரால், கிராம்பில் யூஜினால் என்ற பொருள்கள்தான் அதற்குக் காரணம். இவை கிருமியின் மேலுறைக்குள் புகுந்து அதை ஓட்டையாக்கும். உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து அது செத்துப்போகும்.

ஆனால் எவ்வளவு தைலம் வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியை வளரவிடாமல் தடுக்க, ஆய்வகத்திலேயே நீலகிரித் தைலம் ஏறத்தாழ 1 சதவீதம் தேவைப்படும். 10 லிட்டர் வாளிக்கு அது 100 மில்லி. நீங்கள் விடும் 10 சொட்டு அரை மில்லிதான் வரும். லெமன்கிராஸுக்கு இதைவிடக் குறைவாகப் போதும். ஆனாலும் 10 சொட்டு போதாது.

அதோடு, தைலம் தண்ணீரில் கரையாது. வாளியை உற்றுப் பாருங்கள், மேலே பளபளவென்று ஒரு படலம் மிதக்கும். துடைப்பானை முக்கினால் அது நூலிலும் வாளி விளிம்பிலும் ஒட்டிக்கொள்ளும். தரைக்கு வருவது பெரும்பாலும் வாசனை மட்டும்தான். வெள்ளை ஃபினாயில் பலவற்றிலும் இருப்பது பைன் மர எண்ணெய், அதாவது அதுவும் தாவரத் தைலம்தான்! அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருளும் சேர்ப்பதால்தான், ஊற்றியதும் பால்போல வெளுக்கிறது.

அன்றாடம் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். கழிப்பறைக்கு ஃபினாயில் இருக்கட்டும். வாசனை பிடித்திருந்தால் துடைத்த பிறகு ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு மூலையில் வையுங்கள்.

அப்புறம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒரு டீஸ்பூன் நீலகிரித் தைலம் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.