‘துலித்’ அகராதியில் இல்லையே, என்ன செய்வது?

கேள்வி: சொந்த முயற்சியில் லத்தீன் படித்துவருகிறேன். வுல்காத்தா என்ற லத்தீன் விவிலியத்தில் எசாயா 53:4-ல் ‘துலித்’ என்றொரு வினை வருகிறது. என் கையகராதியில் அது இல்லை. செயலியோ ‘துலோ’ என்ற வினையின் இறந்தகாலம் என்கிறது. இன்னோர் இடத்தில் வந்த ‘லாத்துஸ்’ஸைத் தேடினால் ‘அகலமான’ என்று காட்டுகிறது. ஒழுங்கற்ற வினைகளுக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஒருவர் முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். லத்தீனில் முழுக்க ஒழுங்கு தவறும் வினைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றின் அட்டவணை பெரும்பாலான இலக்கண நூல்களில் இருக்கிறது. நூறு வருடப் பழைய நூல்கள் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் பக்கங்களையே பிடிஎஃப் ஆக்கி விற்கிறவர்கள்தான் இப்போது அதிகம்.

சரி, துலித். ‘சுமந்தார்’ என்பதுதான் அது. இதன் வினை ‘ஃபெரோ’. சுமக்கிறேன், கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்கிறேன் என்று பொருள். நம் ‘தாங்கு’ ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கும். பாரத்தையும் தாங்கலாம், துன்பத்தையும் தாங்கலாம். ‘ஃபெருந்த்’ என்று பன்மையில் தனியாக வந்தால் ‘என்பார்கள்’ என்றும் பொருள்படும்.

இதன் நான்கு முதல் வடிவங்கள் (மற்ற வடிவங்கள் பிறக்கும் அடிப்படைகள்): ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும். ஆங்கிலத்தில் ‘கோ’ (go) என்பதற்கு இறந்தகாலம் ‘வென்ட்’ (went) என்று வருவதுபோல இங்கேயும் வெவ்வேறு வேர்கள் ஒரே வினைக்குள் சேர்ந்துவிட்டன. நிகழ்காலத்தில் சில இடங்களில் நடு உயிர் விழும்: ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்திஸ். ஏவல் வெறும் ‘ஃபெர்’. துலீயிலிருந்து பிறப்பவை எல்லாம் ஒழுங்கானவை, பயப்பட ஒன்றுமில்லை.

செயலி சொன்ன ‘துலோ’ வெறும் ஊகம். சொல்லின் வாலை வெட்டி ஓர் ஓ ஒட்டியிருக்கிறது. நீங்கள் படிக்கும் லத்தீனில் அப்படி ஒரு நிகழ்காலம் கிடையாது. லாத்துஸிலும் இதே கோளாறுதான். அகலமான, பக்கம், சுமக்கப்பட்டது (லாத்தும் என்பதன் இன்னொரு வடிவம்) என்ற மூன்று தனிச்சொற்கள் எழுத்தில் ஒன்றுபோல இருக்கின்றன. செயலி முதலில் கிடைத்ததை நீட்டிவிடும். ‘சுமக்கப்பட்டது’ என்ற பொருளா என்று அறிய, வாக்கியத்தில் துணைவினை இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முன்னொட்டு சேர்ந்தாலும் இதே கதை: ரெஃபெரோ, ரெலாத்தும். ஆங்கில ரெஃபர், ரிலேட் இரண்டும் இங்கிருந்து வந்தவை. டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் ஜோடியும் அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் நிதானம் வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘சுஸ்துலீ’, ‘சுப்லாத்தும்’ என்று கண்டால் உடனே ஃபெரோவின் பிள்ளை என்று முடிவுகட்டாதீர்கள். அவை பெரும்பாலும் ‘தொல்லோ’ (தூக்குகிறேன், நீக்குகிறேன்) என்ற வினையின் வடிவங்கள். துலீயே தொல்லோவின் வேரிலிருந்துதான் ஃபெரோவுக்குப் போனது. அதைக் கொடுத்துவிட்ட தொல்லோ, தன் இறந்தகாலத்துக்கு முன்னொட்டு சேர்ந்த சுஸ்துலீயை எடுத்துக்கொண்டது. திருப்பலியில் ‘உலகின் பாவம் போக்கும்’ என்கிறோமே, அங்கே லத்தீனில் ‘தொல்லிஸ்’. அதே வினை இறந்தகாலத்தில் வந்தால் ‘சுஸ்துலித்’. பார்வைக்கு ஒட்டு உறவே தெரியாது. அதனால் சுஸ்- கண்டால் முதலில் தொல்லோவைத் தேடுங்கள்.

அகராதிக்காரர்களையும் சொல்ல வேண்டும். ‘துலீ: ஃபெரோவைப் பார்க்க’ என்று ஒரு வரி போட எத்தனை மை செலவாகும்? பெரிய அகராதிகள் போடுகின்றன, மாணவர் வாங்கும் கையகராதிகள் பலவற்றில் அதுகூட இல்லை. தேர்வு வைப்பவர்களோ அட்டவணையை ஒப்பிக்கச் சொல்வார்கள், ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர மாட்டார்கள். இந்த ஓட்டையில்தான் முன்பணம் கேட்கிறவர்கள் கடை போடுகிறார்கள்.

உங்கள் வசனத்தில் அடுத்து வரும் ‘போர்தாவித்’தும் ‘சுமந்தார்’தான். அது ஒழுங்கான வினை. ‘போர்தோ’ என்று தேடுங்கள், உங்கள் கையகராதியிலேயே கிடைக்கும்.