மட்டக்களப்பிலிருந்து வலைப்பதிவு எழுதும் ஒருவர் கேட்டிருந்தார்: எழுதுவதை வாசகர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வரவைப்பது எப்படி?

நானும் மட்டக்களப்பிலிருந்துதான் எழுதுகிறேன். ‘மீன் பாடும் தேனாடு’ என்று ஊரின் பட்டப்பெயரோடு பொதுவாகத் தொடங்கினால் யாரும் நிற்கமாட்டார்கள். அதை எத்தனையோ பேர் எழுதியாயிற்று. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து அந்த மீன் பாட்டைக் கேட்பதை எழுதுங்கள். ஊரை விட்டுப்போன ஒருவர் கனடாவிலிருந்து பதில் போடுவார். அவருக்கு அன்றைக்கே மறுமொழி எழுதிவிடுங்கள், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். கூகுளில் எதைத் தேடி உங்கள் வலைப்பதிவுக்கு வந்தார்கள் என்று காட்டும். பழைய கல்லடிப் பாலத்தைத் தேடி வந்தவர்களுக்காகவே, 1924இல் திறந்த அதைப் பற்றித் தனியாக எழுதினேன். அப்புறம், வாட்ஸ்அப் குழுக்களில் வெறும் லிங்கை எறியாதீர்கள். இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்.