1950களில் இங்கிலாந்தில் முதியோர் இல்லங்கள் எப்படி இருந்தன?

நான் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருடமாகக் கேரராக, அதாவது முதியவர்களைப் பராமரிப்பவராக, வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியே எனக்குள் எழுந்தது எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவரால்தான். வயது 93. நெஞ்சுச்சளி முற்றி, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அவரோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். "அங்கே வேண்டாம், அது வொர்க்ஹவுஸ்" என்று அழுகிறார். அவர் மகள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அந்த ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் வொர்க்ஹவுஸாக இருந்த இடம்.

1834ஆம் வருட ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியவை இந்த வொர்க்ஹவுஸ்கள். கதியற்றவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, பதிலுக்கு வேலை வாங்குவார்கள். வேறு போக்கிடம் உள்ளவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கடுமையாக நடத்தினார்கள். கணவன் மனைவியைக்கூடப் பிரித்து வைத்தார்கள்.

1948 ஜூலை 5 அன்று அந்தப் பழைய ஏழைகள் சட்டம் ஒழிந்தது. சுகாதார அமைச்சராக இருந்த அன்யூரின் பெவனுக்கு ஓர் அழகான கனவு இருந்தது. வசதி உள்ளவர்கள் கடைசிக் காலத்தில் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குவதைப் போல, எளியவர்களும் வாடகை கொடுத்து மரியாதையாக இருக்க வேண்டும். இல்லத்துக்கு 25, 30 பேர் போதும். பென்ஷன் வாரம் 26 ஷில்லிங் (அந்தக் காலத்து நாணயம், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அதில் 21 ஷில்லிங் இல்லத்துக்கு, 5 ஷில்லிங் அவரவர் கைச்செலவுக்கு. அந்த 5 ஷில்லிங்கை யோசித்து ஒதுக்கிய மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் போர் முடிந்த நேரம். செங்கல், மரம், பணம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, கிடைத்ததெல்லாம் வீடு கட்டப் போனது. கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், சில பெரிய பங்களாக்களை வாங்கி இல்லமாக்கின. மற்றபடி பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களுக்கே பெயரை மாற்றி ஓட்டினார்கள். பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் 1950களின் கடைசியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, 1962இல் புத்தகமாக எழுதினார். கவுன்சில்கள் தந்த இடங்களில் பாதிக்கு மேல் இன்னும் அந்தப் பழைய கட்டடங்களில்தான் இருந்தது. நீளக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், சுவரோரம் நாற்காலிகள், நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். அவர்களில் பலர் நோயாளிகளே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. வீடு போனது, துணை போனது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் வந்துவிட்டார்கள். வீட்டுக்கே உதவி அனுப்பியிருந்தால் பலர் வந்திருக்கவே வேண்டாம் என்று அவர் வாதாடினார். இந்த வேலையில் இருந்துகொண்டு சொல்கிறேன், அவர் சொன்னது சரி.

எங்கள் பாட்டி ஆஸ்பத்திரியில் குணமாகித் திரும்பி வந்தார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். அவருடைய பாட்டி கடைசிக் காலத்தில் இருந்தது அதே கட்டடத்தில்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் பார்க்கப் போயிருக்கிறார். பாட்டியின் கம்பளிச் சட்டை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. இழுத்துவிடும்போது பார்த்தால், கழுத்துப் பட்டியில் வேறு யாரோ ஒருவருடைய பெயர். "எங்க அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை" என்றார்.

அந்த 5 ஷில்லிங் மட்டும் இன்றும் வேறு பெயரில் உயிரோடு இருக்கிறது. கவுன்சில் செலவில் இல்லத்தில் இருப்பவர்களின் வருமானத்தில், வாரம் சுமார் 30 பவுண்டு அவர்கள் கைக்கு என்று விட்டுவைக்க வேண்டும். எங்கள் பாட்டி அதில் வியாழக்கிழமைதோறும் முடி செட் செய்துகொள்வார். மிச்சத்துக்குப் புதினா மிட்டாய்.