பெட்ரோல் 100 ரூபாய்: யார் என்ன செய்யலாம்?

கேள்வி: பெட்ரோல் 100 ரூபாயை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே, அரசு என்ன செய்யலாம், நாங்கள் என்ன செய்வது? (வாசகர், திருப்பூர்)

பதில்: வரியைக் குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய், அந்த நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், 2022 மே மாதம் இன்னொரு 8 ரூபாய். ஆனால் மத்திய வரியில் பெரும்பகுதி 'செஸ்' எனும் கூடுதல் வரி வகையறாவாக வருவதால் மாநிலங்களுக்கு அதில் பங்கு கிடையாது, அதனால்தான் 'முதலில் நீ குறை' என்ற இந்த இழுபறி. பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரவும் அரசுகளுக்கு மனசு வரவில்லை.

என்னைக் கேட்டால் வரிக் குறைப்பைவிடப் பேருந்துதான் உருப்படியான பதில். 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா ஷேர் ஆட்டோவில் ஏறுவதையே விட்டுவிட்டார். பேருந்து நேரத்துக்கு வரவேண்டும், அது வேறு கதை.

நீங்களா? டயரில் காற்று குறையாமல் பாருங்கள், சிக்னலில் வண்டியை அணையுங்கள். அப்புறம், 'இருநூறுக்குப் போடுங்க' என்று பங்க்கில் சொல்கிறோமே, அதை விட்டு லிட்டர் கணக்கில் கேளுங்கள்; ஒரு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். நான் அப்படிக் கேட்க ஆரம்பித்த மாதம்தான் தெருமுனைக்குப் பால் வாங்க ஸ்கூட்டரை எடுப்பது நின்றது.